வல்லாரைத் தட்டு

மூன்று வாரமாக எங்கள் கழிவறைத் தொட்டியில் விரிசல். கசிவு சரிவில் இறங்கி வல்லாரைப் பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது. இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து பளபளத்தன. அந்தச் செழிப்பைப் பார்த்த பிறகு நான் அந்தப் பாத்தியில் கை வைக்கவே இல்லை.

என் மகள் ஸுலைக்காவைப் பெண் கேட்டு பாசிர் பூத்தேயிலிருந்து வந்தவர்கள் கூடத்துப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சோறு, சுட்ட மீன், இறால் விழுதில் அரைத்த பெலாச்சான் சம்பால் எல்லாம் வைத்தாகிவிட்டது. மழையில் சந்தை கூடாததால் சோற்றோடு பச்சையாகக் கடிக்கும் உலாம் இலைகள் மட்டும் இல்லை. வெள்ளரியை நறுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் பாயின் நடுவில் வல்லாரை குவிந்திருந்தது.

என் கணவர் ரம்லியின் காதருகே குனிந்தேன். "எங்க பறிச்சீங்க?"

"நல்லாக் கழுவிட்டேன். வாயை மூடு. உலாம் இல்லாம சோறு போட்டாங்கன்னு ஊரே சொல்லணுமா?"

மாப்பிள்ளையின் தாய் ஹஸ்னா ஒரு கைப்பிடி இலையைச் சம்பாலில் தோய்த்து வாயில் திணித்தாள். கடைவாயில் பச்சைச் சாறு வழிந்தது.

"அப்படி என்ன உரம்தான் போடுறீங்க, அக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற ஸுலைக்காவும் சிரித்தாள். நான் வாய் திறந்தால் இந்தச் சம்பந்தம் இல்லை. திறக்கவில்லை. ஹஸ்னா இரண்டாவது கைப்பிடியை எடுத்தாள். அவள் மெல்லும் ஓசை என் பற்களுக்குள் கேட்டது.

ரம்லியின் கை வல்லாரையைச் சுற்றிக்கொண்டு போய் வெள்ளரியை எடுத்தது. இருபத்தாறு வருடம் பழகிய கை. இப்போது அதைப் பார்க்க, என் மேல் ஏதோ பூச்சி ஊர்ந்ததுபோல் இருந்தது. பெரிய கொத்தாக அள்ளி அவர் தட்டில் வைத்தேன்.

"நீங்களும் சாப்பிடுங்க."

"பாருங்கடி, ஊட்டிவிடாத குறைதான்!" என்றாள் ஹஸ்னா.

அவர் மென்றார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். எனக்கு இனித்தது. அந்த இனிப்பு, இலையைவிட அசிங்கமாக இருந்தது.

"படுக்கையில கிடக்கிற எங்கப்பாவுக்கு ஒரு கட்டு குடுங்கக்கா. வேற எதுவும் அவருக்கு இறங்க மாட்டேங்குது." ஹஸ்னா என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ஒரு கட்டு என்ன, பை நிறைய எடுத்துக்குங்க." வாய் நிறைய இலையோடு ரம்லி சொன்னார்.

"வேண்டாம் ஹஸ்னா. அது நஜீஸ். எங்க கக்கூஸ் தண்ணி அந்தப் பாத்தியிலதான் ஓடுது." சொல்லிவிட்டேன்.

ஹஸ்னா பின்வாசலுக்கு ஓடினாள். நான் தண்ணீரோடு பின்னாலேயே போனேன். வாந்தியெடுத்து நிமிர்ந்தவள் செம்பைத் தட்டிவிட்டாள்.

"நான் ரெண்டாவது கைப்பிடி எடுத்தப்பவும் பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

"ஆமாம்" என்றேன்.