சசிகுமாருக்கு அடித்தவர்

வருடங்களை நான் மாற்றிச் சொல்லக்கூடும். தானே புயல் முந்திரிக்காடுகளைச் சாய்த்துப் போட்டு ஆறேழு மாதம் ஆகியிருந்தது என்று நினைவு. அப்படியானால் சசிகுமார் செத்தது 2012. அவர் போட்டிருந்த சட்டை நீலம் என்றும் சாம்பல் என்றும் எனக்கே இரண்டு ஞாபகங்கள் இருக்கின்றன. மற்றதில் சந்தேகமில்லை. செத்துப்போன சசிகுமாரும், அவரைக் கொன்றதாகக் கடலூர் சிறையில் இருக்கும் ஆரோக்கியதாஸும் அன்றிலிருந்து ஒரு ஷிப்ட்கூடத் தவறாமல் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். மதியம் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு வாசலில் உள்ள வருகைப் பதிவுக் கருவி இரண்டு முறை ஒலிக்கும். முதலில் ஆரோக்கியதாஸின் கார்டு. நான்கு நொடி கழித்து சசிகுமாருடையது. அங்கே யாரும் நிற்பதில்லை.

இருவரும் ஒரே ஒப்பந்தக்காரரிடம், கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் மண்ணை வாரிப் போடும் வேலையில் இருந்தார்கள். வருகையைப் பதிவதற்கு நெய்வேலியில் கார்டு அடிப்பது என்று பெயர். அவசரப் பேச்சில் கார்டு என்ற சொல் விழுந்துவிடும். அடிச்சாச்சா என்று கேட்டாலே புரியும். அன்று சசிகுமார் மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தோடு பார்க்கக் குள்ளஞ்சாவடி போக வேண்டியிருந்தது. "அண்ணா, எனக்கும் சேத்து அடிச்சிடு. நாலு மணிக்குள்ள வந்துடுறேன்" என்று கார்டைக் கொடுத்தார். "தோடு பாக்கப் போறியா, பொண்டாட்டியக் கூட்டிக்கினு சினிமா பாக்கப் போறியாடா?" என்று கேட்டுவிட்டு ஆரோக்கியதாஸ் இரண்டு கார்டையும் அடித்தார். ஐந்து மணிக்கு, சுரங்க வாசலிலிருந்து ஒரு கிலோமீட்டரில், ரோட்டோரத்தில் சசிகுமார் மண்டை உடைந்து கிடந்தார். லாரி அடித்திருக்கும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் லாரியைப் பார்த்தவர் இல்லை. ஆரோக்கியதாஸ் கண்ணெதிரே இருந்தார். போதாததற்கு அழுதுகொண்டும் இருந்தார்.

மேற்பார்வையாளர் கோபாலகிருஷ்ணனிடம் அவர் அழுதுகொண்டே சொன்னது இதுதான்: "சசிகுமாருக்கு நான்தாங்க அடிச்சேன்." வேலைக்கு வராதவனுக்கு வருகை போட்ட குற்றத்தைத்தான் அவர் ஒப்புக்கொண்டார். கோபாலகிருஷ்ணன் திருநெல்வேலிக்காரர், தமிழ் இலக்கியம் படித்தவர், பிழையோடு எதையும் எழுத மாட்டார். அறிக்கையில் 'சசிகுமாரை நான்தான் அடித்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். வழக்கு அந்த ஒரு வரியின் மேல் நின்றது. "அவனுக்கு அடிச்சேங்க, அவன அடிக்கலீங்க" என்று ஆரோக்கியதாஸ் கூண்டில் நின்று மன்றாடியபோது, "யாருக்கு அடிச்சாலும் அடி அடிதானேப்பா" என்றார் அரசு வக்கீல். கோர்ட்டு சிரித்தது. வருகைப் பதிவைக் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆயுள் தண்டனை.

வாசலில் கேட்ட சத்தத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கு இன்னொருவர் அடிப்பது அங்கே புதிதல்ல. இவர்களுக்கும் யாரோ அடிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். சில மாதம் கழித்து, யாரும் அடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. அதற்குள் பழகிவிட்டது. வரிசையில் இரண்டு ஆள் இடம் விட்டு நின்றார்கள். புதிதாகச் சேர்ந்தவன் அந்த இடத்தில் போய் நின்றால், "தள்ளி நில்லுப்பா, ரெண்டு பேரு வராங்க இல்ல" என்பார்கள்.

பத்து வருடம் கழித்து ஹரிணி வந்தாள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். குற்ற வழக்குகளில் நீதி தவறிய தீர்ப்புகளைப் பற்றிச் சட்டக் கல்லூரியில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். முப்பத்தொரு வழக்குக் கட்டுகளைப் படித்தவள், இந்தக் கட்டில் அந்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். அடிப்பது என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபாலகிருஷ்ணனைத் தேடிப் போய்க் கேட்டாள். "அவன் சொன்னது சசிகுமாருக்குன்னுதாம்மா. எழுதுதப்போ இலக்கணப் பிழையா தெரிஞ்சுது. நாந்தான் திருத்துனேன்" என்றார்.

லூர்துமேரிக்கு, அதாவது ஆரோக்கியதாஸின் மனைவிக்கு, ஹரிணி நம்பிக்கை கொடுத்தாள். அதை அவள் செய்திருக்க வேண்டாம். மேல்முறையீடு போட்டார்கள். தான் திருத்தியதைக் கோபாலகிருஷ்ணன் எழுதிக் கொடுத்தார். இத்தனை வருடம் கழித்து மாற்றிச் சொல்கிறார் என்றார்கள். மிச்சம் இருந்தது வருகைப் பதிவு. அன்றைய தேதியில், நான்கு நொடி இடைவெளியில் இரண்டு கார்டுகள். ஒருவரே இரண்டையும் அடித்தார் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அரசுத் தரப்பு ஒரு நாளோடு விடவில்லை, முழுப் பதிவையும் கேட்டு வாங்கியது. அதில் அந்த இரண்டு கார்டுகளும் பத்து வருடமாக எல்லா ஷிப்டிலும், அதே நான்கு நொடி இடைவெளியில் இருந்தன. "செத்தவன் டெய்லி வேலைக்கு வந்திருக்கான், ஜெயில்ல இருக்கிறவனும் வந்திருக்கான். இந்த மெஷினைத்தான் நம்பச் சொல்றாங்க, யுவர் ஆனர்" என்றார் அரசு வக்கீல். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பதிவு நம்பத்தக்கதல்ல என்று மனு தள்ளுபடியானது. வெளியே வந்து, வேப்பமரத்தடியில் லூர்துமேரி ஹரிணியிடம் கேட்டது ஒன்றுதான்: "அவரு வேலைக்கு வந்தது தப்பாம்மா?"

கோபாலகிருஷ்ணன் சொந்த ஊருக்குப் போய்விட்டார். கோயில் விழா மலருக்குப் பிழை திருத்துகிறார். ஹரிணியின் ஆய்வேடு முப்பத்தொரு வழக்குகளோடு ஏற்கப்பட்டது. முப்பத்திரண்டாவதை, ஆதாரம் சரியில்லை என்று பேராசிரியர் எடுத்துவிடச் சொன்னார், அவள் எடுத்துவிட்டாள். இப்போது சென்னையில் ஒரு வங்கியில் பத்திரங்களைச் சரிபார்க்கிறாள். சசிகுமாரின் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. போன மே தினத்தில் ஒப்பந்தக்காரர், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்களுக்குப் பரிசு கொடுத்தார். கருவியின் பட்டியலில் இரண்டே பெயர்கள்தான் இருந்தன. சசிகுமாருக்காக அவர் மனைவி அன்புக்கரசியும், ஆரோக்கியதாஸுக்காக லூர்துமேரியும் ஒரே மேடையில் ஏறி ஆளுக்கொரு குக்கர் வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் கைதட்டியது.

ஆரோக்கியதாஸ் சிறையில் போர்வை நெய்கிறார். மனுப் போட்டு அவரைப் பார்க்கப் போன லூர்துமேரி பரிசு வந்த செய்தியைச் சொன்னாள். எத்தனை லிட்டர் என்று கேட்டார். அஞ்சு என்றாள்.

"ஒத்த ஆளுக்கு எதுக்கு அஞ்சு லிட்டரு" என்றார் அவர்.