டெல்பர்ட்டுக்குப் பதில் சொன்ன சேவல்

1.

இந்தக் கதை ஒரு வெடிச் சத்தத்தில் தொடங்கியது. கதைக்குள் அல்ல, என் சமையலறையில். மார்ச் மாத மதியம் ஒன்றில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பால் 'டொம்' என்றது. எங்கள் மிசௌரி மலைப்பக்கத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்கெல்லாம் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. நானும் திறந்திருக்க மாட்டேன். ஆனால் அதன் பின்னாலேயே ஒரு பெண்குரல் வந்தது: "ஐயோ, என் தோள்பட்டை போச்சே!"

போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நெல்டா க்ரம்லி கையில் ரவைத் துப்பாக்கியோடு நின்றார். வயது அறுபதைத் தாண்டியவர். பள்ளிக்கூடச் சமையலறையில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு மக்ரோனி கிண்டிப் போட்டவர். எதிரே ஓர் அட்டைப்பெட்டியில் வான்கோழித் தலை வரைந்திருந்தது. அதில் ஒரு ரவைகூடப் படவில்லை. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் அவர் கணவர் டெல்பர்ட், ஊன்றுகோலைப் பிடித்தபடி, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அன்றே எழுத உட்கார்ந்தேன். தொடக்கங்கள் இப்படி வந்தன:

'நெல்டா க்ரம்லிக்கு வான்கோழிகளின் மேல் எந்தப் பகையும் இல்லை.'

(சிரிப்புக் கதைக்குச் சரி. இது சிரிப்புக் கதை இல்லை என்று இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிட்டது.)

'ஏப்ரலில் மலைச்சரிவெல்லாம் வெள்ளைப் பூவாய் நிற்கும்போது, சேவல் வான்கோழிகள் தம் பெட்டைகளைத் தேடி'

(சுற்றுலாத் துறைக்காரர் எழுதியதுபோல் இருந்தது. முற்றுப்புள்ளி வைக்கக்கூட மனம் வரவில்லை.)

'போன அக்டோபரில் டெல்பர்ட்டின் பேச்சு நின்றது.'

இதுதான். இங்கிருந்து போகலாம்.

2.

போன அக்டோபரில் டெல்பர்ட்டின் பேச்சு நின்றது. பக்கவாதம். வலது கை துவண்டது, வலது கால் பாதி துவண்டது. பேச்சு மொத்தமும் போய் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. அது 'செவ்வாய்க்கிழமை.'

நான் கற்பனை செய்ததல்ல. கற்பனை செய்திருந்தால் 'அம்மா' என்றோ 'தண்ணீர்' என்றோ கௌரவமாக ஒரு சொல்லைக் கொடுத்திருப்பேன். பசித்தாலும் செவ்வாய்க்கிழமை, கோபம் வந்தாலும் செவ்வாய்க்கிழமை, நன்றி சொல்லவும் அதுவே. சொல்ல வந்தது வேறு என்று அவருக்கே தெரியும். வாயிலிருந்து அது விழுந்ததும் அவர் முகம் சுருங்கும். கடைசியில் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்து உட்காரத் தொடங்கினார்.

(ஒரு சங்கடம். ஆங்கிலத்தில் இவர்கள் ஒருவரை ஒருவர் 'யூ' என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள். தமிழில் எழுதும் நான் 'நீ'யா 'நீங்க'ளா என்று முடிவு செய்தாக வேண்டும். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஆற்றில் ஒன்றாகக் குதித்தவர்கள். 'நீ' போட்டுவிட்டேன். நெல்டாவை நான் 'அக்கா' என்பதும் தமிழில் மட்டும்தான். நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.)

பேசாமல் போவதற்கு முன் டெல்பர்ட் எங்கள் பள்ளத்தாக்கின் சிறந்த வான்கோழி வேட்டைக்காரர். ஒவ்வொரு வசந்தத்திலும் விடியுமுன் எழுந்து போவார். நெல்டா ஒருமுறைகூடக் கூடப் போனதில்லை. "பொழுது விடியறதுக்கு முன்னாடி ஈர மண்ணுல உக்காந்து உண்ணிக்கு ரத்தம் கொடுக்கறதுக்கு நான் என்ன பைத்தியமா?" என்பதுதான் அவருடைய நிலைப்பாடு.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்பர்ட்டின் தம்பி லோனி வந்தான். சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணி, அண்ணனோட துப்பாக்கி சும்மாதான கெடக்கு? இந்த சீசனுக்கு நான் எடுத்துட்டுப் போகட்டுமா?"

டெல்பர்ட் தட்டைப் பார்த்தபடி இருந்தார். நெல்டா கேக் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"சும்மா கெடக்குன்னு யார் சொன்னா?"

"பின்ன யாரு சுடப்போறா? அண்ணனாலதான் தூக்கவே முடியாதே."

"நான்."

லோனிக்குப் புரை ஏறியது. "அண்ணி, நீங்க எலி பாத்தாலே நாற்காலி மேல ஏறுற ஆளு!"

"எலிய நான் எதிர்பாக்கறதில்ல. வான்கோழிய எதிர்பாத்து உக்காருவேன்ல? வித்தியாசம் இருக்குடா."

3.

இங்கே எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. ஏன் சொன்னார்? முதல் வரைவில் 'கணவன் மீதிருந்த ஆழ்ந்த அன்பினால்' என்று எழுதியிருந்தேன். எழுதியதை அவ்வப்போது நெல்டாவுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்காட்டுவது வழக்கம். இந்த இடத்தில் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அன்பாவது ஒண்ணாவது. கோவம்மா. எனக்கு லோனி மேல கோவம். அவர் மேல அதவிடக் கோவம். ஒருத்தன் உன் துப்பாக்கியக் கேக்கறான், செவ்வாக்கிழமைன்னாவது கத்த வேண்டாமா? தட்டப் பாத்துட்டு உக்காந்திருக்காரு!"

ஆகவே, கணவன் மீதிருந்த ஆழ்ந்த கோபத்தினால் நெல்டா வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தார்.

புதிதாகத் தொடங்குபவருக்கு அங்கே சொல்லித்தருவதில் பாதி, சுடக்கூடாத விஷயங்கள். வசந்தத்தில் தாடி தொங்கும் பறவையைத்தான் சுடலாம், அதாவது மார்பில் மயிர்க்கற்றை உள்ளது, பெரும்பாலும் சேவல். என்ன, எது என்று முழுதாகத் தெரியாமல் விரல் விசைக்குப் போகக்கூடாது. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் எங்கும் தெரியக்கூடாது. சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும், இன்னொரு வேட்டைக்காரன் ஏமாந்து சுட்டுவிடுவான்.

மீதியை டெல்பர்ட் சொல்லிக்கொடுத்தார். அவர் விரும்பிச் செய்ததல்ல. நெல்டா துப்பாக்கியைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் எழுந்துவந்தார். இடது கையால் துப்பாக்கிக் கட்டையை நெல்டாவின் தோளுக்குள் அழுத்தினார். கன்னத்தைக் கட்டையின் மேல் சாய்த்தார். ஊன்றுகோலால் பாதத்தைத் தட்டி நகர்த்தினார். நான் பார்த்த அந்த முதல் வெடிக்குப் பிறகு அட்டைப்பெட்டியை இன்னும் அருகில் வைக்கச் சொல்லிக் கோலால் காட்டினார். மாத முடிவில் அட்டைத் தலை சல்லடையானது.

சுடுவது வந்துவிட்டது. அசையாமல் உட்காருவதுதான் வரவில்லை. கொல்லையில் மரத்தடியில் பயிற்சி நடக்கும். நெல்டா மூக்கைச் சொறிவார். முழங்காலில் கோல் விழும். "எறும்பு கடிக்குதுய்யா!" என்பார், மறுபடி விழும். பேசக்கூடாது என்பதற்கு டெல்பர்ட் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவதை வேலியோரம் நின்று பார்த்தேன். பேச முடியாத மனிதர் இன்னொருவரைப் பேசாதே என்று அதட்டிக்கொண்டிருந்தார். 'அதில் ஒரு' என்று ஆரம்பித்து எழுதிய தத்துவ வாக்கியத்தை நீக்கிவிட்டேன். அவர் முகத்தில் தத்துவம் இல்லை. எரிச்சல் இருந்தது. நல்ல, ஆரோக்கியமான எரிச்சல்.

பெட்டைபோல் கூவிச் சேவலை அழைப்பதும் டெல்பர்ட்டின் வேலை. வாய்க்குள் வைத்து ஊதும் சவ்வை முதலில் முயன்றார். கோணிய உதட்டில் எச்சில்தான் வழிந்தது. சவ்வை எடுத்துப் புல்லில் எறிந்தார். நெல்டா உள்ளே போய் மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். கைநீளப் பெட்டி, அதன் மூடியை ஓரத்தில் உரசினால் பெட்டை கூவும். டெல்பர்ட் அதைத் தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டு இடது கையால் மூடியை இழுத்தார்.

கியாவ். கியாவ். கியாவ்.

பிசிறே இல்லை. அவர்கள் கொல்லையில் ஒரு பெட்டை வான்கோழி நின்று பேசுவதுபோல இருந்தது.

4.

சீசனின் முதல் நாள், திங்கட்கிழமை. ("ஒரு நாள் தள்ளி வெச்சிருக்கக் கூடாதா? அவருக்குச் சொல்ல வசதியா இருந்திருக்கும்" என்றார் நெல்டா.)

இருட்டு கலையுமுன் தங்கள் நிலத்தின் மேட்டில் இருந்த பெரிய ஓக் மரத்தடிக்கு மெதுவாக நடந்து போனார்கள். நெல்டா முன்னால் துப்பாக்கியோடு, டெல்பர்ட் அவருக்குச் சற்றுப் பின்னால், தோளோடு தோள் உரசும்படி உட்கார்ந்தார்கள். வெளிச்சம் இலைகளுக்குள் இறங்கியதும் டெல்பர்ட் மூடியை இழுத்தார்.

கியாவ், கியாவ், கியாவ்.

எதிர் மேட்டிலிருந்து வந்தது பதில். களகளகளவென்று காடே அதிரும்படி. நெல்டாவின் முதுகுத்தண்டு நிமிர்ந்தது.

இங்கே வேட்டையின் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. பதில் வந்துவிட்டால் வாயை மூட வேண்டும். இயற்கையில் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். பெட்டை ஓயாமல் கூவினால், வருகிறாள் என்று நினைத்துச் சேவல் நின்ற இடத்திலேயே தோகை விரித்துக் காத்திருக்கும். கிட்டே வராது. இந்தத் தவறுக்காகத் தம்பி லோனியை டெல்பர்ட் பல வருடம் திட்டியிருக்கிறார்.

டெல்பர்ட் மறுபடி கூவினார். சேவல் பதில் சொன்னது. மறுபடி கூவினார். பதில். ஒன்று தாழ்வாக, ஒன்று கொஞ்சலாக, ஒன்று சண்டை பிடிப்பதுபோல. ஒவ்வொன்றுக்கும் பதில்.

தூரத்து வெட்டவெளியில் சேவல் வந்து நின்றதை நெல்டா பார்த்தார். விசிறித் தோகை, வெயிலில் செம்பு மின்னும் உடம்பு. ரவை எட்டாத தூரம். அது அங்கேயே சுற்றிச் சுற்றி நடந்தது. வகுப்பில் சொன்னது நெல்டாவுக்கு நினைவிருந்தது. பெட்டியைப் பிடுங்கினால் பறவை வரும். துப்பாக்கியிலிருந்து மெதுவாக ஒரு கையை எடுத்துப் பின்னால் நீட்டினார். நீட்டியபடியே கணவரின் முகத்தைப் பார்த்தார்.

அக்டோபரிலிருந்து அந்த மனிதர் ஏதாவது சொன்னால் எல்லோரும் ஊகித்துக்கொண்டிருந்தோம். தண்ணியா? டிவி போடவா? கால் வலிக்குதா? பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் படங்களைக் காட்டி ஊகித்தாள். நானும் வேலியோரம் நின்று ஊகித்தேன். பதில் சொன்னவர்கள் யாருமில்லை. இப்போதுதான் ஒருவன் சொல்கிறான்.

நெல்டா நீட்டிய கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

வெகுநேரம் அந்த உரையாடல் நடந்தது. பிறகு ஓர் உண்மையான பெட்டை புதரிலிருந்து வெளியே வந்தது. சேவல் அதன் பின்னால் போய்விட்டது.

5.

'டெல்பர்ட்டின் கண்களில் கண்ணீர் வழிந்தது' என்று இதை முடித்திருந்தேன்.

"அழலம்மா. மூக்கு ஒழுகிச்சு. குளிருல்ல?" என்றார் நெல்டா.

"நீங்க அழுதீங்களாக்கா?"

"எனக்குக் கால் மரத்துப் போச்சு. எழுந்திருக்க முடியல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுத் தூக்கி, ரெண்டு பேரும் விழுந்தோம். அத எழுது."

எழுதிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோனி வந்து விவரம் கேட்டான். கேட்டதும் மேசையை அடித்துச் சிரித்தான்.

"என்ன அண்ணே, நீ பேச்ச நிறுத்தவே இல்லையாமே? வாயாடி! உன் வாயாலதான் பறவ போச்சு!"

நெல்டா அவனை அடிக்கக் கை ஓங்கினார். ஆனால் டெல்பர்ட் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அதிகமாகப் பேசியதாக யாரோ தன்னைக் குற்றம் சாட்டுகிறார்கள். முகம் மலர்ந்து, தம்பியைப் பார்த்து விரலை ஆட்டி, "செவ்வாக்கிழமை!" என்று ஒரு போடு போட்டார். லோனி, "போய்யா, நீதான் செவ்வாக்கிழமை" என்றான். சண்டை நெடுநேரம் நடந்தது. யாரும் எதையும் ஊகிக்கவில்லை.

(கதைக்கு வெளியே ஒரு தகவல். இப்போது அவரிடம் இன்னும் சில சொற்கள் வந்திருக்கின்றன. நாயின் பெயர், 'கிரேவி', தம்பியைத் திட்ட ஒன்று. அந்த மூன்றாவது அச்சில் ஏறாது.)

6.

சீசனின் கடைசி வாரத்தில் மறுபடி போனார்கள். கிளம்பும்போதே நெல்டா சொல்லிவிட்டார்: "இன்னிக்கு நீ கொஞ்சமாப் பேசு. நான் கொஞ்சமா அசையறேன்."

அதே மேடு, வேறு மரம். டெல்பர்ட் பெட்டியின் மூடியை இழுத்தார். பதில் வந்தது, அருகிலிருந்து. மீண்டும் ஒரே ஒரு முறை, மிக மெல்ல இழுத்தார். பிறகு அவரே பெட்டியை எடுத்து இலைகளின் மேல் சத்தமில்லாமல் வைத்தார். காலியான இடது கையை நெல்டாவின் முதுகில் வைத்தார்.

சருகு மிதிபடும் ஓசை. புதருக்குள்ளிருந்து முதலில் சிவப்பு வந்தது, பிறகு நீலம், பிறகு வெள்ளை. மார்பில் தாடி. சுடும் தூரத்துக்கு உள்ளே. சேவல் தோகையை மடக்கிக் கழுத்தை நீட்டிப் பார்த்தது, பெட்டை எங்கே என்று.

இதற்கு மேல் என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் க்ரம்லி வீட்டுச் சமையலறையில் மாவில் புரட்டிய இறைச்சி வாணலியில் பொரிகிறது. இன்னொன்றில் சேவல் தன் வழியே போகிறது, இருவரும் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து முட்டை பொரிக்கிறார்கள். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். நெல்டா சொன்னார். சொல்லிவிட்டு, "இது மட்டும் எங்களுக்குள்ள இருக்கட்டும்மா. எல்லாத்தையும் எழுதணுமா என்ன?" என்றார்.

ஆகவே நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் என் இடத்தில், அந்த மரத்தடியில், அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். நெல்டாவின் முதுகில் அவர் கை இருக்கிறது. விரல் இன்னும் விசைக்குப் போகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்த வரிக்காகக் கண்ணைக்கூட நகர்த்தாதீர்கள். சேவலுக்குப் பார்வை கூர்மை.