‘க்கு’ இல்லாத பாஷை

“இங்கிலீஷ்ல ‘க்கு’ எங்கங்க இருக்கு?” என்று என் மனைவி கேட்டபோது நான் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். லாண்டரியில் வாரம் முழுக்க ஊரார் துணியைத் தேய்க்கிறவள், ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் பெட்டியைக் கையில் எடுத்தால் மனசு சரியில்லை என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் இது புரியாமல் “கொஞ்சம் ரெஸ்ட் எடேன்” என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை குழந்தைகள் காப்பகத்தில் எங்களுக்கு இரண்டாவது நேர்காணல். முதல் தடவை போனபோது நான்தான் பேசினேன். பஸ் ஓட்டுகிறவன், பயணிகளோடு மல்லுக்கட்டியே கொஞ்சம் ஆங்கிலம் சேர்த்துவைத்திருக்கிறேன். அங்கிருந்த அதிகாரி அம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவர் இவளைப் பார்த்துக் கேட்டதற்கெல்லாம் நான் முந்திரிக்கொட்டை மாதிரி பதில் சொன்னேன். பிரமாதமாக முடித்துவிட்டோம் என்ற நினைப்பில் வெளியே வந்தேன். அடுத்த வாரம் போன் வந்தது. தத்தெடுக்க வேண்டும் என்பது கணவருடைய ஆசையாகத்தான் தெரிகிறது, மனைவிக்கு விருப்பம் இருக்கிற மாதிரி தெரியவில்லை, அடுத்த முறை அவர் தன் வாயால் சொல்லட்டும், இல்லையென்றால் குழந்தைக்கு வேறு குடும்பம் பார்க்க வேண்டிவரும் என்றார்கள். இதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கொடியில் காய்ந்துபோன துணியையே எடுத்து உதறி உதறி மறுபடி போட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒருவழியாகச் சொன்னேன்.

விருப்பம் இல்லையாம். அந்தக் குழந்தையை நாங்கள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறோம். இன்னும் சரியாகப் பேச்சு வராத வயது. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து இவளுடைய கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள், எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கடைகளில் சின்னச் சட்டை தொங்கினால் இவள் நின்றுவிடுகிறாள். கையில் எடுக்க மாட்டாள், விலை கேட்க மாட்டாள். மடிப்புத் தையலை மட்டும் விரலால் ஒரு தடவு தடவிவிட்டு வந்துவிடுவாள்.

இவள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். கிவ் அஸ் த சைல்ட். குழந்தையை எங்களுக்குக் கொடுங்கள்.

“நம்ம பேச்சுல ‘எங்களுக்கு’ன்னா அதுலயே ‘க்கு’ இருக்கு. இதுல வெறும் ‘அஸ்’தானே. எங்களையே கொடுத்துடுங்கன்னு ஆயிடாதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

“அது வரிசையில இருக்கு,” என்றேன். “பஸ்ல ஏத்துற மாதிரி. முதல்ல ஆளு, அப்புறம் மூட்டை. யாருக்குக் கொடுக்கணுமோ அவங்க முன்னால. எதைக் கொடுக்கணுமோ அது பின்னால.”

“அப்ப குழந்தை மூட்டையா?”

“இலக்கணத்துக்கு.”

“நல்லா இருக்கு உங்க இலக்கணம்,” என்று காலரைத் திருப்பிப்போட்டு அழுத்தினாள்.

பயிற்சி கொடுத்தேன். ஷோ மீ த டிக்கெட். பாஸ் மீ த சால்ட். அவள் கெட்டிக்காரி, பிடித்துக்கொண்டாள். சந்தடி சாக்கில் “மேக் மீ எ டீ” என்று ஒன்றை நுழைத்தேன்.

“அதுக்கென்ன அர்த்தம்? உங்களை டீயா ஆக்கணுமா?”

“எனக்கு ஒரு டீ போடுன்னு அர்த்தம்.”

“ஆக்கினாலும் யாரு குடிக்கிறது, கசக்கும்,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் கொதிக்கும் சத்தத்தோடு “கிவ் அஸ் த சைல்ட், கிவ் அஸ் த சைல்ட்” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. டீயில் சர்க்கரை போட மறந்திருந்தாள். அப்படியே குடித்தேன்.

காப்பகத்தில் அதே அறை, அதே நாற்காலிகள். அதிகாரி அம்மா என்னைப் பார்த்து, இன்று நீங்கள் பேசக் கூடாது என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. பிறகு இவள் பக்கம் திரும்பி, உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

“ப்ளீஸ்,” என்றாள் இவள். “கிவ்.”

அவ்வளவுதான், நின்றுவிட்டது. தினமும் எத்தனையோ வண்டிகளுக்கு நடுவில் பஸ்ஸை நுழைத்து எடுக்கிறவன், அந்த ஒரு நிமிஷம் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்ன பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். இவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

“கிவ் த சைல்ட் அஸ்.”

குழந்தையை, எங்களுக்கு. நல்ல தமிழ் வரிசை. அதை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்துவிட்டாள். அங்கே அது தலைகீழாகி, குழந்தைக்கு எங்களைக் கொடுங்கள் என்று நிற்கிறது. திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதிகாரி அம்மா என் பக்கம் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தார்.

“உங்களையா?” என்று கேட்டார். “அவளுக்கு உங்களைக் கொடுக்க வேண்டுமா?” ஆங்கிலத்தில்தான் கேட்டார், ஒவ்வொரு வார்த்தையாக.

இவள் தலையாட்டினாள். “யெஸ். அஸ்,” என்று தன் நெஞ்சில் கை வைத்தாள். அது போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, என் சட்டைக் கையையும் பிடித்துக் காட்டினாள். அதிகாரி அம்மா பேனாவை மூடி வைத்தார். முடிவு தன் கையில் மட்டும் இல்லை, மேலே கேட்க வேண்டும், அதுவரை வெளியே குழந்தையோடு கொஞ்ச நேரம் இருங்கள் என்றார்.

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் இவள் கேட்டாள், “சரியாச் சொன்னேனா?”

பொய் சொல்லியிருக்கலாம். “மாத்திச் சொல்லிட்ட,” என்றேன்.

“என்னன்னு?”

“குழந்தைக்கு நம்மளைக் கொடுக்கச் சொல்லிட்ட.”

அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அழவில்லை.

“நம்மளை வச்சுக்கிட்டு அது என்னங்க பண்ணும்?” என்றாள் மெதுவாக. கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, அன்றைக்கு முதல் தடவையாகத் தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஆயா குழந்தையைக் கூட்டிவந்து விட்டுவிட்டுத் தள்ளி நின்றார். குழந்தை எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்கள்கூட அவ்வளவு கறாராகப் பார்க்க மாட்டார்கள். பிறகு எங்களுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு செருப்பிலும் வார் கழன்றிருந்தது. ஒரு காலை இவள் பக்கம் நீட்டினாள். இவள் சட்டென்று கீழே மண்டியிட்டு அந்தப் பாதத்தை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டாள்.

நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். குழந்தை என்னைப் பார்த்தாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு, இது என்ன ஆள் என்பது போல முகத்தைச் சுளித்து, மறு காலை என் பக்கம் நீட்டினாள்.