துளை விட்ட மணிகள்

அந்த வீட்டின் பெரிய மருமகளும் சின்ன மருமகளும் ஒரே பிளாஸ்டிக் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். வாயுவைத் தன்மேல் பிளாஸ்டிக்காக வளரவைக்கும் வினையூக்கி மணிகளைப் பெரியவள் பதினொரு வருடமாகத் தயாரித்து வந்தாள். ஓரகத்தி வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

கார் பம்பர் குளிரில் அடிபட்டாலும் உடையக்கூடாதென்றால் பிளாஸ்டிக்குக்குள் ரப்பர் நிறையச் சேர வேண்டும். பெரியவளின் மணிகள் கூழாங்கல் மாதிரி இறுகியவை; அவற்றிலிருந்து வளர்ந்த பிளாஸ்டிக்கும் அப்படியே இறுகியது. கொஞ்சம் கூடுதலாக ரப்பர் சேர்த்தாலே வெளியே கசிந்து பிசுபிசுத்தது. சின்னவள் மணிக்குள் நுண்துளைகள் விட்டாள். ரப்பர் அவற்றுக்குள் அடங்கிக்கொண்டது.

உறைகுளிரில் வைத்தெடுத்த இருவரின் பிளாஸ்டிக் பட்டைகளையும் சோதனைச் சுத்தியல் அடித்தபோது பெரியவளுடையது பட்டென்று இரண்டானது. சின்னவளுடையது வளைந்ததோடு சரி. இன்னும் ஒரு மணி நேரம் குளிரில் வைக்கச் சொன்னாள் பெரியவள். அப்போதும் உடையவில்லை. வீட்டில் மாமியார் சின்னவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அடுத்துப் பெரிய உலையில் ஓட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்துச் சின்ன உலை போல மெல்லச் சூடேறாமல் அது எப்போதும் சூடாகவே இருக்கும். துளையுள்ள மணி எடுத்த எடுப்பில் சூட்டில் வளர்ந்தால் நொறுங்கிவிடும். முதலில் மிதமான சூட்டில் மெல்ல வளரவிட வேண்டும். சின்னவளின் குறிப்பில் அந்த வரி இல்லை. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பெரியவள் அதைக் கவனித்தாள். வாயைத் திறக்கவில்லை.

உலையிலிருந்து வெறும் தூள்தான் வந்தது. குழாயெல்லாம் அடைத்துக்கொண்டது. மேலாளர் எல்லோர் முன்னாலும் சின்னவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்று பெரியவள் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

சின்னவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ ஜெயிக்கிறதப் பாக்கப் பிடிக்கல."

சின்னவள் அழவில்லை, சண்டை போடவில்லை. எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம் என்று மட்டும் கேட்டாள். பெரியவள் சொன்னாள். பிறகு மேலாளரிடம் போய், தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டதாக ஒப்புக்கொண்டாள்.

மறுமுறை மணிகள் முழுசாக வந்தன. ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பெரியவளுக்கு, இத்தனை வருடத்தில் இது நமக்குத் தோணவில்லையே என்று மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

சின்னவள் அவளை இன்னமும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். குறிப்புகளை மட்டும் வேறொருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குகிறாள்.