நாலாவது முயற்சி

அந்த வாரம் ஹார்லன் ஸ்டஹூரா மூன்று தடவை தோற்றார். வெள்ளிக்கிழமை அவர் ஊர்ப் பள்ளிக்கூடம் தோற்றது. சனிக்கிழமை மாநிலப் பல்கலைக்கழகம் தோற்றது. ஞாயிற்றுக்கிழமை, அவர் ஆயுசில் ஒரு கோப்பையைக்கூடக் கண்ணில் காட்டாத நகரத்து அணி தோற்றது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மைதானத்தில் முட்டி மோதியதெல்லாம் வேறு யாரோதான். ஆனால் ஒஹாயோவில் வெல்ட்டன் மாதிரி ஒரு ஊரில் ஃபுட்பால் என்றால், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால் என்றால், தோற்கிறவன் பார்க்கிறவன்தான். ஆடுகிறவனுக்கு அடுத்த வாரமாவது திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது. பார்க்கிறவனுக்கு வாயைத் தவிர வேறென்ன இருக்கிறது?

ஹார்லனுக்கு அந்த வாய் கொஞ்சம் நீளம். காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்கை விட்ட பிறகு அவர் கை போனில் உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை காலையில் உள்ளூர் வானொலியில் டோல்ச் என்பவன் ஒரு நிகழ்ச்சி நடத்துவான். வாரக் கடைசியில் வயிறெரிந்தவர்கள் எல்லோரும் அதில் போன் போட்டுப் புலம்பலாம். ஹார்லன் குரல் வந்தால் காபிக் கடையில் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். அவர் கருத்து எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்: பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பு. இப்படி அவர் வாயால் வீட்டுக்குப் போன பயிற்சியாளர்களை வைத்து ஒரு தெருவையே நிரப்பலாம். ஆனால் அவர் சொன்னார் என்று நிஜத்தில் ஒருத்தனும் போனதில்லை. அதனால்தான் அவரும் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் ஒரு சிக்கல். பள்ளிக்கூட அணியின் பயிற்சியாளர் வேட், ஹார்லனின் ஒரே மகள் நடீனின் புருஷன்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் பக்கத்து ஊர் மர்சர் க்ரீக்கோடு. பள்ளி மானம் மட்டுமல்ல, ஊர் மானமே அந்த ஆட்டத்தில்தான் இருப்பதாக இரண்டு ஊரும் நம்பும். வெல்ட்டன் மூன்று புள்ளி முன்னால் இருந்தது, ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள்தான். நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். மூன்று முயற்சி முடிந்து ஒரே ஒரு கெஜம் பாக்கி இருந்தது. அதுவும் மைதானத்தில் வெல்ட்டனின் பாதியிலேயே. இந்த இடத்தில் பந்தை உதைத்து எதிராளியை அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டு, அங்கிருந்து வரட்டும் பார்க்கலாம் என்று மறித்து நிற்பதுதான் வெல்ட்டனில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த நியாயம். வேட் உதைக்கச் சொல்லவில்லை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னான். ஓடிய பையன் ஒரு சாண் குறைவாக விழுந்தான். மர்சர் க்ரீக் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போய் ஜெயித்தது. தொடர்ந்து ஐந்தாவது தோல்வி.

ஹார்லன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தார். சுற்றி இருந்தவர்கள் மாப்பிள்ளையைத் திட்டியதெல்லாம் அவர் காதில் விழுந்தது. மகளுக்காக அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் வாழ்க்கையில் அது பெரிய தியாகம். ஆனால் மனசுக்குள் எல்லோருக்கும் மேலாக அவரே திட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மகள், மாப்பிள்ளை, பேத்தி ஐவி எல்லோரும் சாப்பிட வந்தார்கள். ஹார்லனின் மனைவி ஜோலின் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டி வேக வைத்திருந்தாள். டிவியில் நகரத்து அணி ஆட்டம் ஆரம்பிக்கும் முன் நடீன் அப்பாவைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

“அப்பா, ஒண்ணு கேட்டா செய்வீங்களா?”

“உனக்கு எதைம்மா இல்லைன்னு சொன்னேன்?”

“நாளைக்கு ரேடியோவுக்குப் போன் போடாதீங்க. செவ்வாக்கிழமை ஸ்கூல் போர்டு கூடுது. வேட் வேலையைப் பத்தித்தான் பேச்சு. கோச் வேலை போனா வாத்தியார் வேலையும் போயிரும். அப்புறம் இந்த ஊர்ல எங்களுக்கு என்ன இருக்கு? இண்டியானாவுல அவங்க அண்ணன் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு.”

“வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பத்தி மூச்சு விட மாட்டேன்.”

“எதைப் பத்தியும் வேண்டாம்ப்பா. ஒரே ஒரு வாரம். சும்மா இருங்க.”

“சரிம்மா. சத்தியம்.”

சத்தியம் செய்தபோது அவர் மனசாரத்தான் செய்தார். வாரா வாரம் ஐவி அவர் மடியில் உட்கார்ந்து ஆட்டம் புரியாமல் கைதட்டுவதை இண்டியானாவுக்கு அனுப்பிவிட்டு அவர் என்ன செய்வார்?

ஆனால் அன்றைக்கு நகரத்து அணிக்குப் போதாத வேளை. இரண்டு புள்ளி முன்னால் இருந்தவர்கள், கடைசி நேரத்தில், நாலாவது முயற்சியில், ஒரு கெஜம் பாக்கியில் உதைக்காமல் ஓடப் பார்த்தார்கள். ஹார்லன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“உதைடா! உதைச்சுத் தொலைடா! ஐயோ, இவனை எவன்டா கோச்சுன்னு வச்சான்? இப்பவே பெட்டியைக் கட்டிக் கையில குடுங்கடா!”

விழுந்தார்கள். தோற்றார்கள். வேட் மடியில் தட்டை வைத்துக்கொண்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். நடீன் குழந்தைக்குக் கோட்டு மாட்ட ஆரம்பித்தாள்.

“அது அந்த நகரத்துக்காரனைச் சொன்னேன், மாப்பிள்ளை,” என்றார் ஹார்லன்.

“தெரியும் மாமா,” என்றான் வேட். “சாப்பாடு நல்லா இருந்துது அத்தை.”

மறுநாள் காலை ஹார்லன் போனைத் தொடவில்லை. வானொலியை மட்டும் வைத்தார். கேட்பதில் என்ன தப்பு? யாரோ ஒருத்தன் வந்து, நகரத்து அணி தோற்றதற்கு நடுவர்தான் காரணம் என்றான். இன்னொருத்தன் மழை என்றான். மூன்றாமவன் வந்து, நாலாவது முயற்சியில் ஓடியது தைரியமான முடிவு, பாராட்ட வேண்டும் என்றான். ஹார்லனுக்குக் காதிலிருந்து புகை வந்தது. இந்த முட்டாள்தனத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டால் நாட்டில் ஃபுட்பாலே இருக்காது. வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பற்றித்தானே பேசக்கூடாது? இது ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். சத்தியத்தில் ஒரு கதவைக் கண்டுபிடித்து அதன் வழியாக அவர் வெளியே வந்துவிட்டார். துணி காயப்போடப் போயிருந்த ஜோலின் திரும்புவதற்குள் போனைப் போட்டுவிட்டார்.

“வாங்க ஹார்லன் அண்ணே! உங்களைத்தான் காணோம்னு பாத்தேன்,” என்றான் டோல்ச்.

“தைரியமாம், தைரியம்! புள்ளியில முன்னால நிக்கிறப்ப ஒரு கெஜத்துக்கு ஓடுறது தைரியம் இல்லப்பா, திமிரு. தன்னோட தடுப்புக்காரங்க மேல நம்பிக்கை இல்லாதவன் செய்யுற வேலை. பசங்களை நம்பாதவனுக்குக் கோச் வேலை எதுக்கு?”

“அப்ப அப்படிச் செஞ்ச கோச்சை வீட்டுக்கு அனுப்பணும்ங்கிறீங்க?”

“அன்னைக்கே அனுப்பணும்!”

“யாரா இருந்தாலுமா அண்ணே?” டோல்ச் குரலில் ஒரு சின்னச் சிரிப்பு. அவனும் உள்ளூர்க்காரன்தான்.

இங்கே போனை வைத்திருக்கலாம். இருமியிருக்கலாம். ஆனால் ஹார்லனுக்கு ஊரில் இருந்த ஒரே சொத்து, ஆளுக்கொரு நியாயம் பேசாதவர் என்ற பேர். காபிக் கடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

“யாரா இருந்தா எனக்கென்னப்பா? என் சொந்த மாப்பிள்ளையா இருந்தாலும்தான்!”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. டோல்ச் ஓஹோ என்று கத்தி, விளம்பரம் போடப் போய்விட்டான். ஹார்லன் மறுபடி போட்டுப் பார்த்தார், பேச்சை மாற்ற. லைன் கிடைக்கவில்லை. கூடையோடு வாசலில் நின்ற ஜோலின் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வானொலியை நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

அன்று கடைத்தெருவில் அவரை நிறுத்தி நிறுத்திக் கைகொடுத்தார்கள். “இருந்தா உங்களை மாதிரி இருக்கணும் ஹார்லன். சொந்தம் பாக்காம சொன்னீங்க பாருங்க!” என்றார்கள். காலமெல்லாம் அவர் ஏங்கிய மரியாதை அது. ஒவ்வொரு கைகுலுக்கலையும் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். நடீனுக்குப் போன் போட்டார். அவள் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை பள்ளிக்கூட நூலகத்தில் உட்கார இடமில்லை. அணிப் பையன்களின் அப்பாக்கள் முன் வரிசையைப் பிடித்திருந்தார்கள். போர்டுத் தலைவி திருமதி ஹெக்மன், சின்னப் பிள்ளையாக ஹார்லனின் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். வேட் நல்ல வாத்தியார் என்று சிலர், ஐந்து தோல்வி என்று பலர். ஒருத்தர் எழுந்து, “நாம என்னங்க புதுசா சொல்லப் போறோம்? அவரு மாமனாரே ரேடியோவுல சொல்லிட்டாரே,” என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹார்லன் எழுந்து நின்றார்.

“நான் பேசினது நகரத்து அணியைப் பத்தி. வாய் நீண்டு போச்சு. என் மாப்பிள்ளையை எனக்குத் தெரியும். பசங்களுக்கு ஷூ இல்லைன்னா தன் காசுல வாங்கித் தர்ற ஆளு. இந்த மாதிரி இன்னொரு கோச்சை இந்த ஊரு பாக்காது. ஒரு ஆட்டத்தை வச்சு அவரை எடை போடாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்.”

முன் வரிசையில் ஒரு அப்பா தலைகுனிந்தார். திருமதி ஹெக்மனின் முகம்கூட இளகிவிட்டது. மகள் ஊரை விட்டுப் போகமாட்டாள் என்று ஹார்லனுக்கு ஒரு கணம் தோன்றியது.

“நன்றி, ஸ்டஹூரா சார்,” என்றாள் ஹெக்மன். “உங்க அளவுக்கு ஆட்டம் தெரிஞ்சவங்க இங்க யாரும் இல்லை. அதனால ஒரே ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை அந்த இடத்துல அவர் செஞ்சது சரின்னு சொல்றீங்களா? நீங்கன்னா என்ன செஞ்சிருப்பீங்க?”

அவள் உதவி செய்யத்தான் கேட்டாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நடீன் கடைசி வரிசையில் ஐவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள். ஹார்லன் வாயைத் திறந்தார். மூன்று புள்ளி முன்னால். நம் பாதி மைதானம். ஒரு கெஜம். அவர் கண் முன்னால் மைதானம்தான் நின்றது, மகள் நிற்கவில்லை.

“உதைச்சிருப்பேன்,” என்றார்.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவி, அறை முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்புகூட இல்லை, பிரியமான சிரிப்புதான். அது அடங்கியதும் பயிற்சியாளரை நீக்கச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். ஒருத்தரைத் தவிரப் போர்டில் எல்லோரும் தூக்கினார்கள். வேட்டுக்கு வேலை போனது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நடீன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வேட் குழந்தையைப் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தான். ஹார்லன் அவன் பக்கத்தில் போய் நின்றார்.

“மாப்பிள்ளை, நான்...”

“விடுங்க மாமா. நீங்க மனசுல பட்டதைச் சொன்னீங்க.” வேட் கதவைச் சாத்தினான். “சாதாரண நாளா இருந்தா நானும் உதைச்சிருப்பேன். என்கிட்ட இருக்கிறதே கொஞ்சம் பசங்க. தாக்கவும் அவங்கதான், தடுக்கவும் அவங்கதான். அன்னைக்கு அதுக்கு முன்னால மர்சர் க்ரீக் பந்தை விடவே இல்லை, ஞாபகம் இருக்கா? ஓரத்துல ரெண்டு பேர் வாந்தி எடுத்தாங்க. அந்த ஓபர்க் பையன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். ‘திரும்ப எங்களைத் தடுக்க அனுப்பாதீங்க கோச், நிக்க முடியலை’ன்னான். உதைச்சா மறுபடி அவங்கதானே போய் அடி வாங்கணும்? அந்த ஒரு கெஜம் கிடைச்சிருந்தா பந்தை நம்ம கையிலயே வச்சுக்கிட்டு ஆட்டத்தை முடிச்சிருக்கலாம்.”

“இதை உள்ள சொல்லியிருக்கலாமேப்பா!”

“எப்படிச் சொல்றது? அவங்க அப்பாங்க எல்லாம் முன்னால உக்காந்திருக்காங்க. உங்க பிள்ளைங்க அழுதாங்கன்னு ஊரு முன்னால சொல்லட்டுமா? அவங்க இங்கதான் இருக்கணும். நான் போறவன்.”

ஹார்லன் நடீனின் ஜன்னலைத் தட்டினார். அவள் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள். அழுத முகம்.

“உங்களைப் பொய் சொல்லச் சொல்லலைப்பா. சும்மா இருங்கன்னுதான் சொன்னேன்.”

கார் போய்விட்டது. ஊர்க்காரர்கள் அவரைக் கடந்து போகும்போது தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். ஹார்லன் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார், ஆனால் கிளப்பவில்லை. அழுகிற பையனையும் வாந்தி எடுத்த இருவரையும் சேர்த்து வைத்து அந்த நாலாவது முயற்சியை மறுபடி மனசுக்குள் ஆடிப் பார்த்தார். ஓடு என்று சொல்லிப் பார்த்தார். மகளுக்காக, பேத்திக்காக, ஒரே ஒரு தடவை, ஓடு. எத்தனை தடவை ஆடினாலும் பந்தை உதைத்திருக்க வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஹார்லன் அழுதார்.