பனியன் துணிச் சட்டை

தையல்காரி தன் கணவருடைய பழைய சட்டைக்கு அளவாக வெட்டி வைத்திருந்த பேப்பர் கட்டிங்கை மேசையில் விரித்து, பக்கத் தையலிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளிக் கோடு போட்டாள்.

"சட்டையைக் குறைக்கிறியா, என்னையே குறைக்கிறியா?" கட்டிலில் படுத்தபடி கேட்டார் அவர்.

"பனியன் துணி இழுத்தா வரும்ங்க. பழைய அளவுக்கு வெட்டினா சாக்கு மாதிரி தொங்கும்."

"தொங்கட்டுமே. என்னைப் பொண்ணு வீட்டுக்காரங்களா பாக்க வர்றாங்க?"

பக்கவாதத்தில் வலக்கை விழுந்ததிலிருந்து பொத்தான் சட்டை போடுவது இருவருக்கும் மல்லுக்கட்டாக இருந்தது. இது தலைவழியே இறங்கும், விரிந்து கொடுக்கும், கை வலிக்காது.

மாட்டிப் பார்த்தபோது நெஞ்சோடு நின்றுவிட்டது. துணி மிச்சமாகட்டும் என்று குறுக்கே போட்டு வெட்டியிருந்தாள். சாதாரண நெசவுத் துணியில் அது செல்லும். இதிலோ இழுவை உடம்பைச் சுற்றி வராமல் மேலும் கீழுமாக ஓடியது.

"கெட்டிக்காரி. பொட்டலம் கட்டிட்டியே."

"சிரிக்காதீங்க. மீதித் துணி இருக்கு. சாயங்காலத்துக்குள்ள வேற தச்சிடறேன்."

இந்த முறை நேராகப் போட்டு வெட்டினாள். கழுத்துப்பட்டி வைக்கும் முன் தலையை அளக்கப் போனாள். "ஏங்க, கொஞ்சம் திரும்புங்க." அவர் திரும்பவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார்.

வெளியூரிலிருந்த நாத்தனாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, வேறென்ன செய்வதென்று தெரியாமல் மீதியைத் தைத்து முடித்தாள்.

நாத்தனார் வந்து அழுது ஓய்ந்து, அலமாரியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்தாள்.

"அது வேணாம். இதத்தான் போடணும்."

"அண்ணி, உடம்பு விறைச்சுப் போச்சு. கை மடங்காது."

"இது விரியும்." இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினாள்.

துணி விரிந்தது. அவர் கை அசையவில்லை. நாலு பேர் பிடித்துப் பார்த்தார்கள். வலிக்கப்போகிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். கடைசியில் அவளே கத்தரியை எடுத்து, சட்டையின் முதுகைக் கழுத்திலிருந்து அடிவரை பிளந்தாள். கோடு போடாமல் அவள் வெட்டியது அது ஒன்றுதான். விளிம்புகள் உடனே சுருண்டுகொண்டன.

முன்பக்கமாகப் போர்த்தி, ஓரங்களை முதுகுக்கடியில் செருகினார்கள்.

"தெரியவே இல்ல அண்ணி. அளவா இருக்கு."

எல்லாரும் போன பிறகு பேப்பர் கட்டிங்கை ஆணியில் மாட்டினாள். கல்யாணமான புதிதில் வரைந்தது. அவருக்கு இடது தோள் சற்றுத் தாழ்வு. எத்தனையோ திருத்தங்களில் அவள் கை வைக்காத இடம் அது ஒன்றே. இப்போதும் இடது தோள் கால் அங்குலம் இறங்கித்தான் இருந்தது.