துப்ப வேண்டிய ஒயின்

"துப்புங்க, போதும்," என்று ஃபேபியோலா கிண்ணத்தைக் கணவனின் தாடைக்குக் கீழே இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

கார்ல் துப்பவில்லை. கண்ணை மூடி, வாயிலிருந்த ஒயினைக் கன்னத்துக்குக் கன்னம் உருட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாயிரத்து ஏழின் மழைக்காலம். புனேயின் கேம்ப் பகுதியில் அந்தப் பழைய வீட்டில், அவனுக்கு உணவெல்லாம் வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான். தொண்டையில் கட்டி. விழுங்குவது நுரையீரலுக்குள் இறங்கிவிடும், வாயில் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று டாக்டர் ஸ்வாமிநாதன் சொல்லியிருந்தார்.

காலையில் அவன் கேட்டது வெர்மெண்டினோ என்ற வெள்ளை ஒயின். ஹோட்டலுக்கு ஒயின் தேர்ந்தெடுப்பது அவன் வேலை. அந்த இத்தாலிய பாட்டில் ஃப்ரிட்ஜில் கிடந்தது.

"முழுங்க மாட்டேன் ஃபேபி. இத்தனை வருஷமா துப்பிப் பழகினவன், இதுக்குப் போய் பயப்படுறியே," என்றிருந்தான் அப்போது.

உண்மைதான். ருசி பார்ப்பவன் ஒரே நாளில் நாற்பது ஒயினை வாயில் வைப்பான். விழுங்கினால் பாதியிலேயே நாக்கு மழுங்கிவிடும்.

"குடிகாரனுக்குப் பொண்ணக் குடுக்குறோம்னு டாடி எப்படி அழுதார்," என்றாள் ஃபேபியோலாவின் அக்கா பிலிஸ், சமையலறையிலிருந்து. "இந்தாளு என்னடான்னா எல்லாத்தையும் துப்பிட்டு வர்றாரு."

அவள் பாங்டா என்கிற கானாங்கெளுத்தி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். அதுவும் கார்ல் கேட்டதே. ருசியில் பெரும்பங்கு மூக்கில் இருக்கிறது. வாயில் ஒயினும் காற்றில் மீனும் இருந்தால், உள்ளே இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

"எண்ணெய் மீனு. இந்த ஒயினோட புளிப்பு அத அறுத்துடும். கடைசில லேசா கசக்கும் பாரு, பாதாம் தோல் மாதிரி." காலையில் அதைச் சொன்னபோது அவனுடைய பழைய குரல் வந்திருந்தது. அந்தக் குரலுக்காகத்தான் அவள் பாட்டிலைத் திறந்தாள்.

இப்போது அவளுக்கு வேறொன்று உறைத்தது. புளிப்பு பட்டால் எச்சில் ஊறும். எச்சில் ஊறினால் தொண்டை தானாகவே விழுங்கும். நாக்கு பழகியதைத் தொண்டையும் பழகியிருக்குமா?

"கார்ல். துப்புங்க."

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். தொண்டை ஏறி இறங்கியது.

"உப்பு," என்றான். "கடல் பக்கத்துத் திராட்சை."

பிறகு குனிந்து துப்பினான். அவள் ஊற்றியது இரண்டு ஸ்பூன். எச்சிலோடு அதற்கு மேலேயே வர வேண்டும். கிண்ணத்தின் அடி மட்டும் நனைந்திருந்தது.

அவன் இருமவில்லை. உள்ளே போனதைத் தள்ள பலமில்லாதவனுக்கு இருமலும் வராது என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

பிற்பகலில் மூச்சு ஈரமாகக் கேட்கத் தொடங்கியது. அவள் அவனைச் சாய்த்து உட்காரவைத்து முதுகைத் தடவினாள். பிலிஸ் ஜெபமாலையை எடுத்தாள். டாக்டர் வந்து சேர்வதற்குள் மூச்சு அடங்கியிருந்தது. அவனைக் கொண்டுபோனது அந்த இரண்டு ஸ்பூனா, கட்டியா?

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். "வாய் வழியா ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

"ஒண்ணும் குடுக்கல டாக்டர்," பிலிஸ் முந்திக்கொண்டாள்.

"நான்..." என்றாள் ஃபேபியோலா.

டாக்டர் கார்லின் முகத்தருகே குனிந்தார். மூக்கு அவன் உதட்டுக்குப் பக்கத்தில் இருக்க, ஒருமுறை மெல்ல மூச்சை இழுத்தார். ஃபேபியோலா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்து, பையிலிருந்து பஞ்சு எடுத்து, தண்ணீர் கேட்டு வாங்கி நனைத்தார். உதடுகளையும் வாயின் ஓரங்களையும் மெதுவாகத் துடைத்தார்.

"ஆளுங்க வர்றதுக்குள்ள தொடச்சிடணும்மா," என்று சொல்லி, பஞ்சை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.